ஆன்ரோடு 9 லட்சம்: ஸ்டாரைப் பார்த்து வாங்குவதா, ஏர்பேக்கை எண்ணி வாங்குவதா?

பெருங்குடி புதுவண்டி
வணக்கம். பத்து வருடம் பைக்கில் ஓட்டியாகிவிட்டது, இப்போதுதான் முதல் கார். வீட்டில் நாங்கள் இருவர், நாலு வயது மகள், அம்மா. வார நாட்களில் ஓஎம்ஆரில் ஊர்ந்துகொண்டுதான் போகப் போகிறேன். ஆனால் மாதம் ஒருமுறை ஊருக்குப் போக வேண்டும். ஊர் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம். அதனால்தான் கவலை.

2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதும், தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஆசை கைக்கு எட்டிவிட்டது. போன சனிக்கிழமை இரண்டு ஷோரூம் ஏறினேன். முதல் இடத்தில் "ஆறு ஏர்பேக் சார், இதுக்கு மேல என்ன சேஃப்டி வேணும்?" என்றார்கள். இரண்டாவது இடத்தில் "அஞ்சு ஸ்டார் சார், டேங்க் மாதிரி" என்று மோதல் சோதனை மார்க்கைச் சொல்லிக் கதவைப் படாரென்று சாத்திக் காட்டினார்கள். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அதை வைத்து என்ன முடிவு செய்வது என்று புரியவில்லை.

மனதில் இருப்பவை டிசையர், பஞ்ச், எக்ஸ்டர், ஸ்விஃப்ட். சன்ரூஃப் வேண்டாம், பெரிய திரை வேண்டாம். அந்தக் காசையும் பாதுகாப்பிலேயே போட வேண்டும். வழி சொல்லுங்கள்.

டீசல் தாத்தா
தம்பி, இந்த ஸ்டார் எல்லாம் விற்பனைத் தந்திரம். என்னிடம் இருந்த பழைய பெட்டி வண்டி ஒருமுறை தண்ணி லாரியின் பின்னால் முட்டியது. பம்பர் மட்டும்தான் வளைந்தது. ரெட்டேரி பக்கம் ஒரு பட்டறையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டு அன்றைக்கே வீடு வந்தேன். இப்போது வருகிற வண்டிகளின் பானெட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாலே பள்ளம் விழுகிறது. நல்ல மைலேஜ் கொடுக்கிற வண்டியாக வாங்கி, நிதானமாக ஓட்டுங்கள்.

ஒரகடம் ஷிஃப்ட்
தாத்தா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வண்டி வளையாததுதான் பிரச்சினை. மோதும்போது அந்த வேகம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? முன்பக்கத் தகடு மடங்கி அதை வாங்கிக்கொள்ளாவிட்டால், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுக்கூடு வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் ஐஐஹெச்எஸ் என்ற அமைப்பு தன் ஐம்பதாவது ஆண்டில், 2009இல், ஒரு 1959 மாடல் செவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழையது கப்பல் மாதிரி இருக்கும். அதன் டிரைவர் பகுதி அப்படியே நசுங்கிப் போனது. புதிய வண்டியில் பானெட் காலி, ஆனால் டிரைவர் இடம் அப்படியே இருந்தது. வீடியோ கிடைக்கும், ஒருமுறை பாருங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நான் ஒரகடத்தில் உதிரி பாகத் தொழிற்சாலை ஒன்றில் சீட் ஃபிரேம் வெல்டிங் தரம் பார்ப்பவன். கிராஷ் டெஸ்ட் எடுப்பவன் அல்ல. ஆனால் அந்த ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்தால்தான் என் வேலை நடக்கும்.

ஸ்டாரா ஏர்பேக்கா என்று கேட்டால், இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கூடு, அதாவது ஆட்கள் உட்காரும் இடத்தைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டம். 2014 ஜனவரியில், கார்களை மோதிப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் சர்வதேச அமைப்பான குளோபல் என்கேப் முதல்முறையாக இந்திய வண்டிகளை மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ, நானோ ஐந்துமே பூஜ்யம். எதிலும் ஏர்பேக் இல்லை. ஆனால் ஐந்தும் ஒரே ரகப் பூஜ்யம் இல்லை. போலோவின் கூடு உறுதியாக நின்றது. அதே போலோவில் இரண்டு ஏர்பேக் போட்டு மறுபடி மோதியபோது நாலு ஸ்டார். ஆல்ட்டோவின் கூடோ உருக்குலைந்துவிட்டது. அதில் ஏர்பேக் போட்டாலும் பெரிய பலன் இருக்காது என்று சோதித்தவர்களே சொன்னார்கள். வீட்டுச் சுவர் இடிந்து விழும்போது மெத்தை எத்தனை இருந்து என்ன?

மறுபக்கமும் பாருங்கள். 2020இல் ஆல்ட்ரோஸ், 2021இல் பஞ்ச், இரண்டும் ஐந்து ஸ்டார் வாங்கியபோது இருந்தவை வெறும் இரண்டு ஏர்பேக். அதனால் ஆறு என்ற எண்ணை மட்டும் வைத்து மயங்காதீர்கள். ஆறு இருப்பது நல்லதுதான். பக்கவாட்டில் இடித்தால் தலையைக் காப்பது, ஜன்னல் மேலிருந்து திரை மாதிரி இறங்கும் கர்ட்டன் ஏர்பேக்தான். உறுதியான கூட்டுக்குள் ஆறு இருந்தால் இன்னும் நல்லது.

ஜிஎஸ்டி ரோடு பயணி
ஒரகடம் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்டாரோடு வருடத்தையும் பாருங்கள். 2022 நடுவில் குளோபல் என்கேப் விதியை இறுக்கியது. அதற்கு முன் பெரும்பாலும் முன்பக்க மோதலை வைத்தே மார்க். அதற்குப் பிறகு பக்கவாட்டு மோதல், ஈஎஸ்சி (வண்டி வழுக்கும்போது தானாகவே பிரேக் பிடித்து நேராக்கும் வசதி), பாதசாரிப் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்துகொண்டன. பஞ்ச் 2021இல் வாங்கிய ஐந்து பழைய பாடத்திட்டம். அதற்காக அது கெட்ட வண்டி ஆகிவிடாது, எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்று தெரிந்திருந்தால் போதும். பஞ்ச்சின் மின்சார வண்டியான பஞ்ச் இவி 2024இல், நம் நாட்டின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் புதுப் பாடத்திட்டத்திலும் ஐந்து வாங்கியது.

டிசையர் 2024 நவம்பரில் குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு நாலு. 2025இல் பாரத் என்கேப்பில் இரண்டிலும் ஐந்து. உங்கள் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருப்பதால் குழந்தை மார்க்கைத் தனியாகப் பாருங்கள். விளம்பரத்தில் அது பொடி எழுத்தில்தான் இருக்கும்.

பெருங்குடி புதுவண்டி
டிசையருக்கு ஐந்து என்றால் ஸ்விஃப்டுக்கும் அதே கணக்குதானே? இரண்டுக்கும் ஒரே அடித்தளம் என்றார்கள்.

ஒரகடம் ஷிஃப்ட்
அண்ணன் பத்தாவது பாஸ் ஆனதற்காகத் தம்பிக்கு மார்க் ஷீட் கொடுப்பார்களா? மோதிப் பார்த்த வண்டிக்கு மட்டும்தான் ஸ்டார். ஸ்விஃப்ட் 2022 டிசம்பரில் ஒரு ஸ்டார் வாங்கியது பழைய தலைமுறை வண்டி. அதை வைத்து இப்போதைய ஸ்விஃப்டைத் திட்டவும் கூடாது, டிசையரைக் காட்டிப் புகழவும் கூடாது. எக்ஸ்டரும் அப்படியே. 2023இல் வந்த நாள் முதல் எல்லா வேரியன்டிலும் ஆறு ஏர்பேக், அது பெரிய விஷயம். ஆனால் அதே ஹூண்டாய் கம்பெனியின் சின்ன காரான ஐ10 நியோஸ் 2020இல் இரண்டு ஸ்டார் வாங்கியதை வைத்து எக்ஸ்டருக்கு மார்க் போட முடியாது.

டீசல் தாத்தா
அந்த வீடியோவைப் பார்த்தேன். சரி. ஆனாலும் ஒரு சந்தேகம். ஐந்து ஸ்டார் சின்ன வண்டி, லாரியில் மோதினால்?

ஒரகடம் ஷிஃப்ட்
தாத்தா கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. முன்பக்க சோதனை 64 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது. வண்டி முகத்தின் 40 சதவீதம் மட்டும், நசுங்கக்கூடிய ஒரு தடுப்பில் மோதும். கிட்டத்தட்ட, தன் எடையுள்ள இன்னொரு வண்டியோடு நேருக்கு நேர் மோதுவது மாதிரி. லாரியோடு இல்லை. சின்ன வண்டி வாங்கிய ஐந்தும் பெரிய எஸ்யூவி வாங்கிய ஐந்தும் ஒன்று இல்லை என்பதும் இதனால்தான்.

64 என்றால் குறைவாகத் தோன்றும். அந்த வேகத்தில் மோதுவது ஏறக்குறைய ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் கூடினால் ஆற்றல் அதன் வர்க்கத்தில் கூடும். 100இல் போகும் வண்டியிடம் 64இல் போவதைவிட இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவான ஆற்றல் இருக்கிறது. திண்டிவனம் ரோட்டில் 120 ஓட்டிக்கொண்டு "என் வண்டி ஐந்து ஸ்டார்" என்பவர், தான் எழுதாத பரீட்சையின் மார்க்கைச் சொல்கிறார்.

லாரியின் பின்னால் சொருகினால் இன்னும் மோசம். மடங்க வேண்டிய பானெட் லாரிக்கு அடியில் போய்விடும். லாரியின் பாடி நேராகக் கண்ணாடிக்கு வரும்.

கண்மணி அம்பத்தூர்
இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. லாரி என்று வந்ததால் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன் பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மேல்மருவத்தூருக்குக் கொஞ்சம் முன்னால், விடியற்காலை. இடது ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. பின் விளக்கும் இல்லை, வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டுத்தாளும் இல்லை, பின்னால் ஒரு மரக்கிளைகூட வைக்கவில்லை. என் மைத்துனர் கடைசி நொடியில் ஒடித்தார், ஆனாலும் இடது முகம் இடித்துவிட்டது. நல்ல ஸ்டார் வாங்கிய வண்டிதான், பெயர் வேண்டாம். முன்னால் இருந்த இருவருக்கும் ஏர்பேக் வந்தது, பெல்ட்டும் போட்டிருந்தார்கள். மாவு மாதிரி ஏதோ பறந்தது, அவருக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

பின் சீட்டில் நான். பெல்ட் போடவில்லை. போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட முடியாது. வண்டி எடுத்த வாரமே சீட் கவர் மாட்டினோம். மாட்டிய பையன் பின் சீட் பக்கிள்களை எல்லாம் கவருக்கு அடியில் தள்ளி, சுத்தமாகத் தைத்துவிட்டான். "பார்க்க நீட்டா இருக்கும் மேடம்." எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை, பின்னால் யார் பெல்ட் போடப் போகிறார்கள் என்றுதான் நினைத்தோம். நான் முன் சீட்டில் போய் மோதினேன். தோள்பட்டை எலும்பு முறிந்தது. நான் மோதிய வேகத்தில் முன் சீட்டில் இருந்த தங்கைக்குக் கழுத்தில் அடி. அவள் எல்லாம் சரியாகச் செய்தவள். அவளுக்கு அடி என்னால்தான்.

108 இருபது நிமிடத்தில் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் இருப்பதே அங்கேதான் தெரிந்தது. இன்னுயிர் காப்போம் திட்டம். 2021 டிசம்பரில் அதைத் தொடங்கி வைத்த ஊரும் மேல்மருவத்தூர்தான் என்று படுக்கையில் இருந்தபோது தெரிந்துகொண்டேன்.

வடபழனி டிரைவர்
மேடம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதினொரு வருடமாகக் கால் டாக்சி ஓட்டுகிறேன். பின்னால் உட்காருகிறவர்களிடம் பெல்ட் போடச் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "ஏன், வேகமா ஓட்டப் போறியா?" என்று ஒருவர் கேட்டார். 2022 செப்டம்பரில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார் அல்லவா, மகாராஷ்டிராவில் பல்கர் பக்கம். பின் சீட், பெல்ட் இல்லை, விலை உயர்ந்த வண்டி. அந்த ஒரு மாதம் மட்டும் எல்லோரும் தாங்களாகவே போட்டார்கள். அப்புறம் பழையபடிதான்.

கீழ்க்கட்டளை பழையவண்டி
பெல்ட் போடாவிட்டால் கத்துகிற சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் விற்பார்களே, இன்னும் கிடைக்கிறதா?

வடபழனி டிரைவர்
சார், அது எதற்கு உங்களுக்கு? 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லி ஆன்லைன் கடைகளிலிருந்து தூக்கிவிட்டார்கள். பதிமூன்றாயிரம் பக்கங்களுக்கு மேல் எடுத்தார்கள் என்று பேப்பரில் வந்தது.

கீழ்க்கட்டளை பழையவண்டி
வாங்க இல்லை சார், என் வண்டியில் ஏற்கெனவே ஒன்று சொருகியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், 2016 மாடல். இந்த இழையைப் படித்தபிறகு பயமாக இருக்கிறது. டிரைவர் பக்கம் மட்டும் ஏர்பேக். பக்கத்து சீட்டுக்கும் வெளியே கொடுத்துப் போட முடியுமா?

ஒரகடம் ஷிஃப்ட்
முடியாது. போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். ஏர்பேக் என்பது பை மட்டும் இல்லை. சென்சார், அதை எப்போது வெடிக்க வைப்பது என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர், பெல்ட், டேஷ்போர்டு மூடி எல்லாம் சேர்ந்து அந்த வண்டிக்கென்று சரிசெய்யப்பட்டவை. மோதிய நொடிக்குள், கண் இமைப்பதற்கு முன் அது விரிந்து முடிய வேண்டும்.

உங்களுக்கு இருக்கும் ஒன்றாவது வேலை செய்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடச் சந்தேகம், ஒருமுறை வெடித்த வண்டியை மூடி மட்டும் போட்டு விற்றிருக்கலாம். கிளிப்பை இன்றைக்கே பிடுங்கிப் போடுங்கள். முன்னால் இரும்புக் கம்பி பம்பர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அது கூடாது என்று சொல்லிவிட்டது. அடியைத் தவறான இடத்துக்குக் கடத்தும், சென்சாரையும் குழப்பும்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019இன் 35வது வாரம் தயாரானது. பூ (தரையில் படும் வரிகள்) நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் ஹைவேயில் ஏறாதீர்கள். ஓட்டும்போது டயர் வெடித்தால் அங்கே எந்த ஸ்டாரும் உதவிக்கு வராது.

ஜிஎஸ்டி ரோடு பயணி
சீட் கவர் விஷயத்துக்கே திரும்ப வருகிறேன். ஆறு ஏர்பேக் வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் முன் சீட்டின் முதுகுக்குள்ளேயே இருக்கும். ஓரத்தில் சின்னதாக ஏர்பேக் என்று எழுதிய துணி தொங்கும். தடித்த கவரை அதன்மேல் இழுத்துப் போட்டுத் தைத்தால், வெளியே வர வேண்டியது உள்ளேயே திணறும். ஜிபி ரோட்டில் கவர் போடப் போகிறவர்கள், பக்கத்தில் பிரியும் தையல் உள்ள கவர்தானா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கம்பெனி துணியோடே ஓட்டுங்கள். குழந்தை ஐஸ்கிரீம் கொட்டினால் கொட்டட்டும்.

டீசல் தாத்தா
பேத்தி கொட்டினால் கொட்டட்டும் என்று சொல்ல மனது வேண்டும். நான் சொல்லமாட்டேன்.

பெருங்குடி புதுவண்டி
கண்மணி மேடம், நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா எதுவும் பேசவில்லை. ஆனால் அம்மாவுக்கு உண்மையான சிரமம் ஒன்று இருக்கிறது. குட்டையான உருவம். பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்கிறார். புடவையும் கசங்குகிறது. மகள் விஷயம் இன்னொன்று. "மடியில வெச்சுக்கிறேன், என்னைவிட பெல்ட் பத்திரமா பாத்துக்குமா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

கண்மணி அம்பத்தூர்
பாசத்தில் குறை இல்லை, கையில்தான் பலம் போதாது என்று சொல்லுங்கள். நான் மடியில் ஹேண்ட்பேக் வைத்திருந்தேன். இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அது முன் கண்ணாடியில் போய் விழுந்தது. அது ஹேண்ட்பேக்தான்.

புடவைக்கு நான் இப்போது செய்வது இதுதான். முந்தானையைப் பெல்ட்டுக்கு மேலே எடுத்து விட்டுக்கொள்வேன். இடுப்புப் பட்டை கொசுவத்துக்குக் கீழே, வயிற்றில் இல்லாமல் இடுப்பு எலும்பில் படிய வேண்டும். மடிப்பு மேல் போட்டால் தளர்ந்துவிடும்.

ஒரகடம் ஷிஃப்ட்
அதேதான். பெல்ட்டின் மேல்பட்டை தோளின் நடுவில் போக வேண்டும். பின் சீட்டில் பெல்ட் உயரத்தை மாற்ற முடியாத வண்டிகள்தான் அதிகம். அதனால் ஷோரூமுக்கு அம்மாவையே அழைத்துப் போய், நாலு வண்டியிலும் உட்கார வைத்துப் பெல்ட் போட்டுப் பாருங்கள். டெஸ்ட் டிரைவ் என்றால் நீங்கள் மட்டும் ஓட்டிவிட்டு வருவது இல்லை. பெல்ட்டைக் கழுத்திலிருந்து விலக்குகிறேன் என்று கைக்கு அடியில் போடவே கூடாது, விலா எலும்பு போய்விடும்.

மகளுக்குக் குழந்தை சீட் வாங்குங்கள். வண்டி வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள், அது ஏழு மாதம் தள்ளிப் போகும். வண்டியின் சட்டத்தோடு நேராகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள சீட். பாரத் என்கேப்பில் ஒன்றரை வயது, மூன்று வயது பொம்மைகளை அப்படிப்பட்ட சீட்டில் கட்டி வைத்துத்தான் குழந்தை மார்க்கே போடுகிறார்கள். சீட் இல்லாமல் குழந்தையை உட்கார வைத்தால் அந்த மார்க்கும் உங்களுக்கு இல்லை. பின் சீட்டில்தான் மாட்ட வேண்டும். குழந்தையின் முகம் பின்பக்கம் பார்க்கிற மாதிரி வைக்கும் சீட்டை, ஏர்பேக் உயிரோடு இருக்கும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

கீழ்க்கட்டளை பழையவண்டி
விளக்கு எரிந்து அணைந்தது. கிளிப்பைக் குப்பையில் போட்டுவிட்டேன். டயரில் 1116 என்று இருக்கிறது. நாளைக்கே நாலும் மாற்றுகிறேன்.

பெருங்குடி புதுவண்டி
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு மறுபடி ஷோரூம் ஏறினோம். நண்பரிடம் கடன் வாங்கிய குழந்தை சீட்டையும் தூக்கிக்கொண்டு போனேன். சேல்ஸ் பையன் எங்களை வேடிக்கை பார்த்தான், அப்புறம் அவனே வந்து கொக்கி மாட்ட உதவினான். கடைசியில் டிசையர், இரண்டாவது வேரியன்ட். ஸ்டாருக்காக மட்டும் இல்லை. அம்மாவுக்கு ஏறி இறங்கச் சுலபமாக இருந்தது, பெல்ட்டும் அவருக்குக் கழுத்தில் படாமல் உட்கார்ந்தது. பஞ்ச்சில் மகளுக்குத்தான் ஆசை, உயரமாக இருக்கிறதாம்.

நேற்று டெலிவரி. நேராகப் பாடிகாட் முனீஸ்வரன் கோயில். எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்திலும் ஏற்றியாகிவிட்டது. அங்கேயே அம்மா பையிலிருந்து ஒரு பித்தளைப் பிள்ளையாரை எடுத்து, டேஷ்போர்டில் இடது பக்கம், சரியாக ஏர்பேக் மூடியின் மேலேயே ஒட்டப் போனார். ஒட்டும் பேப்பரை உரித்துவிட்டார். "அம்மா, அது வெடிச்சா பிள்ளையார் நேரா உன் மருமக முகத்துக்குத்தான் வருவார்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அவரை எங்க உட்கார வைக்கிறது?" என்று கேட்டார்.

டீசல் தாத்தா
வாழ்த்துகள் தம்பி. எங்கே வைத்தீர்கள்?

பெருங்குடி புதுவண்டி
கியருக்கு முன்னால் இருக்கும் குழியில். எந்தப் பையும் இல்லாத இடம். அம்மா ஒரு கைக்குட்டையை மடித்து அவருக்கு அடியில் வைத்திருக்கிறார்.